வரிசையில் முதல் வண்டி

"பாஆஆம்ம்ம்!"

சனிக்கிழமை காலையில், பக்குரேனி ஊர்ச் சதுக்கத்தில் ஒரு கார் ஹார்ன் அலறியது. கோழிகள் வேலி தாண்டிப் பறந்தன. மாதா படத்து விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த ஒருத்தி பாதியை மேஜையில் ஊற்றினாள். அந்த ஊரில் ஹார்ன் சத்தம் கேட்டு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆகையால் அது யார் காதிலும் வெறும் ஹார்னாக விழவில்லை. பெட்ரோல் லாரி வந்துவிட்டதாகவே விழுந்தது.

"லாரி வந்திருச்சு! ஏய், லாரி வந்திருச்சுடோய்!"

கதவுகள் படபடவென்று திறந்தன. கேன், வாளி, பால் கேன், ஊறுகாய் ஜாடி என்று கைக்குக் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஊரே ஓடிவந்தது. எல்லோருக்கும் முன்னால் நிக்கனோர். பாதி முகத்தில் சோப்பு நுரை, இரண்டு கையிலும் கேன்.

சதுக்கத்தில் லாரி இல்லை. எப்போதும் நிற்கும் கார்கள்தான் நின்றன. முதலாவதாக நின்ற சிவப்பு டாச்சியா காரின் ஜன்னல் வழியாக அவ்ராம் தலையை நீட்டினார்.

"என்னய்யா கூட்டம்? ஹார்ன் அடிக்குதான்னு பார்த்தேன். இன்னைக்கு என் பொண்ணு கல்யாணம்கறது மறந்து போச்சா?"

நிக்கனோர் கேன்களைக் கீழே போட்டான். "அவ்ராம் அண்ணே, எனக்கு நெஞ்சு வெடிச்சிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"சாவுச் சாப்பாட்டையும் இன்னைக்கே சேர்த்துப் போட்டிருப்பேன். செலவு மிச்சம். போடா, மிச்ச முகத்தையும் வழிச்சிட்டு வா."

அவ்ராம் காரை விட்டு இறங்க முயன்றார். ஒரு காலை வெளியே வைத்தார். "ஐயோ" என்றார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மடக்குக் கத்தி திறக்கிற மாதிரி மெல்ல மெல்ல நிமிர்ந்தார்.

"என்ன அண்ணே, முதுகா?"

"சமையலறை ஜன்னலையும் வாசக்கதவையும் ஒண்ணாத் திறந்து போட்டா? குறுக்குக் காத்து! நேரா முதுகுல இறங்கிடுச்சு. எல்லாம் வீட்டுக்காரி புண்ணியம்."

கூட்டம் 'உச்' கொட்டியது. குறுக்குக் காற்று எப்பேர்ப்பட்ட ஆளையும் சாய்த்துவிடும் என்பதில் பக்குரேனியில் இரண்டு கருத்து கிடையாது.

அந்த வீட்டுக்காரி ஒலிம்பியா, சதுக்கத்தை ஒட்டிய ஊர் மண்டபத்தின் அடுப்படியில், முட்டைக்கோஸ் இலையில் இறைச்சியும் அரிசியும் வைத்துச் சுருட்டிக்கொண்டு இதையெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கை சுருட்டிக்கொண்டே இருந்தது. கண் மட்டும் கார்களின் சக்கரங்கள் மீது இருந்தது. புதன்கிழமை வரை அத்தனை டயரும் காற்றுப்போய்த் தரையோடு தரையாகச் சப்பிக் கிடந்தன. இன்று ஒவ்வொன்றும் பன் ரொட்டி மாதிரி உப்பி நின்றது.

'மருமகன் சமர்த்து' என்று நினைத்துக்கொண்டாள். 'நான் கேட்கக்கூட இல்லை, ராவோடு ராவாக வந்து காத்தடிச்சிட்டுப் போயிருக்கான்.'

ஒலிம்பியாவுக்கு இன்று ஒரே ஒரு காரியம் ஆகவேண்டும். அந்தப் பத்தொன்பது கார்களும் சதுக்கத்தை விட்டுப் போகவேண்டும். போனால் திரும்பி வரக்கூடாது.

விஷயம் இதுதான். சதுக்கத்தில் நின்றவை சும்மா நிறுத்தப்பட்ட கார்கள் இல்லை. அது ஒரு வரிசை. மூடிக்கிடந்த பெட்ரோல் பங்க்கின் முன்னால் தொடங்கி, பாம்பு சுருண்ட மாதிரி சதுக்கம் முழுக்கச் சுற்றிக்கொண்டு, பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் முடியும். கடைசி லாரி வந்து போன அன்று பெட்ரோல் கிடைக்காதவர்கள் "அடுத்த லாரிக்கு இருக்கட்டும்" என்று வண்டியை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த லாரி வரவேயில்லை. கிடைக்கிற கொஞ்சநஞ்சமும் ஆம்புலன்சுக்கும் டிராக்டருக்கும் போய்விட்டது. ஆனால் வரிசையில் கிடைத்த இடத்தை விட்டுக்கொடுக்க பக்குரேனிக்காரனுக்குத் தெரியாது. அப்பன் காலத்தில் ரொட்டிக்கும் எண்ணெய்க்கும் விடிய விடிய நின்று பழகிய ரத்தம். ரப்பர் இற்றாலும், கண்ணாடிக்குள் சிலந்தி குடித்தனம் நடத்தினாலும், இடம் இடம்தான்.

இந்தக் கூத்தில் பெரிய வேடிக்கை அவ்ராம். இந்த மலைச்சரிவில் ஒவ்வொரு தோட்டத்திலும் தலையாட்டிக்கொண்டிருந்த எண்ணெய்க் கிணற்றுப் பம்புகளில் வேலை பார்த்தவர். கடைசிக் கிணறு எண்ணெயே இல்லாமல் வெறும் உப்புத் தண்ணீரைக் கக்கியபோது, அதன் வால்வைத் தன் கையாலேயே மூடிவிட்டு வந்து, ராத்திரிச் சாப்பாடு சாப்பிடாமல் படுத்தவர். பூமியில் சரக்கு தீர்ந்துவிட்டது என்பது ஊரில் யாரைவிடவும் அவருக்குத் தெரியும். அந்த மனிதர்தான் வரிசையில் முதல்!

போன வசந்தத்தில் பஸ் சர்வீஸ் அதிகாரி ஒருவர் ஊருக்கு வந்தார். கம்பினா டவுனிலிருந்து மின்சார பஸ் அடிவாரம் வரைக்கும் வந்துகொண்டிருந்தது. அதை ஊருக்குள் விட முடியுமா என்று பார்க்க வந்தவர், சதுக்கத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பஸ் மேல வந்திரும். திரும்ப எங்கே இடம்? பின்னாலேயே மலை இறங்கச் சொல்றீங்களா? சதுக்கத்தைக் காலி பண்ணுங்க, மறுநாளே பஸ் வரும்."

அவ்வளவுதான். அவ்ராம் தம் காரின் மேல் கையை வைத்துக்கொண்டு, ஊர் கேட்க முழங்கினார்: "என் வண்டி இந்த இடத்தை விட்டு நகர்ந்தா, ஒண்ணு பெட்ரோல் போட்டுக்கிட்டு நகரணும், இல்லேன்னா என் பொண்ணு கல்யாண ஊர்வலத்துல முன்னால போகணும். வேற எதுக்கும் ஒரு அங்குலம் நகராது!"

முதல் வண்டி நகராதபோது மற்றவன் நகருவானா?

அன்று இந்தக் கூச்சல் அடங்கும் வரை, அதிகாரியைக் கூட்டிவந்த பஸ் டிரைவர் ஓரமாக வெயிலில் நின்றுகொண்டிருந்தான். பாவம் என்று மகள் ஸ்மராந்தா அவனுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்த ரெமுஸ்தான் இன்று மாப்பிள்ளை. அவ்ராம் அவனை ஏற்றுக்கொள்ள மூன்று மாதம் ஆயிற்று. இப்போதும் அவன் பஸ்ஸை "சக்கரம் வச்ச ஃபிரிட்ஜ்" என்றுதான் சொல்வார்.

மகள் டவுனுக்குக் குடிபோகிறாள். அடிவாரத்திலிருந்து ஏறிவர ஒரு மணி நேரம். ஒலிம்பியாவின் முழங்கால்கள் அந்த ஏற்றத்தை ஏறி எவ்வளவோ நாளாகிறது. பஸ் மேலே வந்தால் ஞாயிற்றுக்கிழமைதோறும் மகள் தன் மேஜையில் உட்கார்ந்து சூப் குடிப்பாள். வராவிட்டால் வருஷத்துக்கு இரண்டு முறை, கிறிஸ்துமசுக்கும் ஈஸ்டருக்கும். ஒலிம்பியா இதை யாரிடமும் சொல்லி அழவில்லை. யோசித்தாள்.

ஒரு மாதத்துக்கு முன்னால், அவ்ராம் பார்த்துக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து, சதுக்கத்தின் ஓரத்திலிருந்து முட்டைக்கோஸ் ஊறப்போடும் ஒரு காலிப் பீப்பாய் அவள் கை "நழுவி" உருண்டது. கடகடவென்று பழைய ரோடு வழியாகப் போய், நேரே அடிவாரத்துக் கோயில் வாசலில் நின்றது. பாதிரியார் திருப்பி அனுப்பினார்.

அவ்ராம் வெகுநேரம் ரோட்டையே பார்த்தார். "ஒலிம்பியா... பீப்பாய்க்கு என்ஜின் உண்டா?"

"என்ன உளர்றே மனுஷா?"

"பெட்ரோல் எதுக்கு? இங்கேருந்து கோயில் வரைக்கும் எல்லாம் இறக்கம்! பத்தொன்பது வண்டியும் தானா உருண்டு போகும்! பக்குரேனி பார்க்காத ஊர்வலம்டி!"

"அடேயப்பா, உனக்கு எங்கேருந்துதான் மூளை இப்படி வேலை செய்யுதோ!" என்றாள் ஒலிம்பியா, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

ஆக, உருண்டு போகும். உருண்டு மேலே வராது. அதுதான் அவள் கணக்கு.

மத்தியானம் ஊர் கூடியது. கார்களின் கண்ணாடிகளில் பூவேலை செய்த வெள்ளைத் துண்டுகள் கட்டியாயிற்று. அப்போதுதான் ஒலிம்பியா அதைப் பார்த்தாள். வண்டியை நகர்த்துவதற்கு முன், ஒவ்வொருத்தனும் தன் இடத்தில் அடையாளம் வைக்க ஆரம்பித்தான்! நிக்கனோர் ஒரு நாற்காலி. கோர்நெல் இரண்டு நாற்காலி, நடுவில் கயிறு. இன்னொருத்தன் மாவு பிசையும் தொட்டி. சதுக்கம் மறுபடி நிரம்பிவிட்டது.

ஒலிம்பியா கரண்டியோடு வெளியே வந்தாள்.

"நிக்கனோர், அந்த நாற்காலியை எடு."

"அக்கா, அது என் இடம்..."

"மண்டபத்துல நாற்காலி பத்தல. உன் மாமியாரை நிக்க வச்சுச் சோறு போடட்டுமா? நீ சொன்னதுன்னு சொல்லிடறேன்."

நிக்கனோர் தன் மாமியாரை நினைத்துப் பார்த்தான். நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினான்.

"கோர்நெல், ரெண்டு நாற்காலியும் உள்ளே. கயிறு வாசல் தோரணத்துக்கு வேணும். ஏய், அந்தத் தொட்டி யாருது? கொண்டா, சாலட் கலக்க பாத்திரம் இல்லாம தவிக்கிறேன்!"

கால் மணி நேரத்தில் சதுக்கம் சுத்தம். ஒலிம்பியா நெற்றியைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். அவ்ராமின் இடத்தில், பங்க்குக்கு நேர் எதிரே, அவரது கடைசிக் கிணற்றின் இரும்புச் சக்கரம் படுத்துக் கிடந்தது. வண்டிச் சக்கர அகலம். தூக்க மூன்று பேராவது வேண்டும்.

"மனுஷா, இது எதுக்கு?"

"என் இடத்துக்கு" என்றார் அவ்ராம், கோட் பொத்தானைப் போட்டுக்கொண்டே. "இதையும் சாலட்டுக்கு எடுத்துக்கோயேன், பார்க்கலாம்."

பஸ் திரும்ப வேண்டிய வட்டத்தின் நட்டநடுவில் அது கிடந்தது. ஒலிம்பியாவின் கையிலிருந்த கரண்டி தொங்கிப்போயிற்று.

வேறு வழியில்லை, நேரமாகிவிட்டது. மணப்பெண்ணோடு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"அம்மா, ஏன் முகம் இப்படி இருக்கு? நான் சாகவா போறேன், டவுனுக்குத்தானே போறேன்."

"அடுப்புப் புகைடி."

அவ்ராம் ஸ்டியரிங் பின்னால் உட்கார்ந்தார். உடனே எழுந்தார். "தொப்பி! தொப்பி இல்லாம பொண்ணைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறதா? எல்லாரும் முன்னால பாருங்க, வண்டியைப் பிடிச்சுக்குங்க, வந்துட்டேன்."

தொப்பி எடுக்க யாரும் அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். திரும்பி வந்தபோது வியர்த்து வழிந்தது. முதுகு முன்னைவிட வளைந்திருந்தது. தலையில் தொப்பி இருந்தது.

"கிடைச்சிருச்சு. தள்ளுங்கடா!"

இளவட்டங்கள் தோள் கொடுத்தார்கள். சிவப்பு டாச்சியா முனகியது, அசைந்தது, சரிவில் மூக்கை நீட்டியது. பிறகு சத்தமே இல்லாமல், வாத்து தண்ணீரில் இறங்குகிற மாதிரி இறங்கியது. பின்னால் ஒன்று, இன்னொன்று, இன்னொன்று! பேட்டரி உயிரோடு இருந்தது அவ்ராமின் வண்டியில் மட்டும்தான். மண்டபத்துச் சூரிய மின்தகட்டில் சார்ஜ் ஏற்றி வைத்திருந்தார். மற்ற வண்டிகளில் ஹார்னுக்குப் பதில் தட்டு, மாட்டு மணி, தொண்டை.

என்ஜின் ஓடாத காரில் பிரேக் கல் மாதிரி இருக்கும். அதனால் எல்லோரும் கைப்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நடைவேகத்தில் வந்தார்கள், நிக்கனோரைத் தவிர. அவன் வண்டி கனமான பழைய ஜெர்மன் கார். மாமியாரும் உள்ளே. அது மெல்ல மெல்ல முன்னேறி அவ்ராமுக்கு இணையாக வந்துவிட்டது.

"டேய்! வரிசையை முந்தாதே!"

"நான் முந்தலண்ணே! எங்க அத்தை முந்தறாங்க! வெயிட்டு!"

"பின்னாடி போடா!"

"எப்படிண்ணே போறது? நீயே சொல்லு, எப்படிப் போறது?"

உள்ளேயிருந்து மாமியார் சிலுவைக்குறி போட்டுக்கொண்டே அவனைத் திட்டியது மூன்று வளைவு தாண்டியும் கேட்டது. கடைசியில் அந்த ஜெர்மன் கார் கோயில் புல்வெளியில் இருந்த வைக்கோல் போரில் மூக்கைச் செருகி நின்றது. மற்ற வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மூச்சுவிட்டு நின்றன. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கோயில் வாசலில் மாப்பிள்ளை ரெமுஸ், வெள்ளைப் பூக் கட்டிய தன் பஸ் பக்கத்தில், வாய் பிளந்து நின்றான்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மணமக்கள் தலையில் கிரீடம் வைத்தார்கள், பீடத்தை மூன்று சுற்றுச் சுற்றினார்கள், பாதிரியார் தேவைக்கு மேல் பேசவில்லை. ஒலிம்பியாவுக்கு மட்டும் ஒன்றும் மனசில் பதியவில்லை. கண்ணை மூடினால் இரும்புச் சக்கரம்.

வெளியே வந்ததும் கோர்நெல் ஆரம்பித்தான். "நாளைக்கு விடிஞ்சதும் ரெண்டு ஜோடிக் குதிரை பிடிச்சா, சாயங்காலத்துக்குள்ள எல்லா வண்டியையும் மேல இழுத்திரலாம். என்ன சொல்றீங்க?"

"இழுத்திரலாம்!" என்றது கூட்டம்.

ஒலிம்பியா கணக்குப் போட்டுப் பார்த்தாள். அவ்வளவுதான், எல்லாம் போச்சு.

அவ்ராம் கோயில் படியில் ஏறி நின்றார், இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு.

"ஏன்டா, லாரி எந்தப் பக்கத்திலேருந்து வரும்?"

"டவுன்லேருந்து."

"டவுன் ரோடு எங்கே இருக்கு?"

கோர்நெல் திரும்பிப் பார்த்தான். புல்வெளியை ஒட்டி, மூக்குக்கு முன்னால் இருந்தது.

"அப்போ வரிசைக்கு முன்பக்கம் மேலயா, கீழயா? முட்டாப் பசங்களா, லாரி வந்தா முதல்ல இங்கே நிக்கும். மேல நிக்கறவன் கேனைக் கவுத்துட்டு உட்கார வேண்டியதுதான். என் வண்டி இதோ, இங்கேயே நிக்குது. முதல் இடம். குதிரை பிடிக்கறவன் பிடிச்சுக்கோ."

உடனே நிக்கனோர் வைக்கோல் போரை நோக்கி ஓடினான். "ரெண்டாவது நான்! பார்த்துக்கோங்க, ரெண்டாவது நான்!" கல்யாணக் கோட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, ஆளுக்கு ஆள் வண்டியைப் புல்வெளி ஓரமாகத் தள்ள ஆரம்பித்தார்கள். இடத்துக்கு அடையாளமாகத் தொப்பி, ஷூ, ஒருத்தன் சட்டையையே வைத்தான்.

ஒலிம்பியா புருஷனைப் பார்த்தாள். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணக் கூட்டம் போன வழியே திரும்பக்கூடாது என்பது வழக்கம். திரும்பினால் சந்தோஷமும் திரும்பிப் போய்விடும். அதனால் எண்ணெய்க் கிணறு தோண்டிய காலத்தில் போட்ட அகலமான ரோடு வழியாக பஸ் கிளம்பியது. இடம் பிடித்தவர்கள் கடைசி நேரத்தில் ஓடிவந்து தொற்றிக்கொண்டார்கள். அவ்ராம் டிரைவருக்குப் பின் சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்து, "ஃபிரிட்ஜுல சீட்டு மெத்துன்னுதான் இருக்கு" என்றார்.

மேலே ஏற ஏற ஒலிம்பியா கைக்குட்டையை முறுக்கினாள். இரும்பு நடுவில் கிடக்கும். பஸ் வந்து நிற்கும். ரெமுஸ் இறங்கித் தலையைச் சொறிவான். அப்புறம் பின்னாலேயே...

பஸ் சதுக்கத்துக்குள் நுழைந்தது. மண்டப வாசலில் வாத்தியம் தொடங்கியது. ரெமுஸ் ஸ்டியரிங்கை ஒடித்தான். பஸ் ஒரே வளைவில், நடனக்காரி பாவாடையை வீசுகிற மாதிரி, ஒரு முழு வட்டம் சுற்றி, மூக்கை டவுன் பக்கம் வைத்து நின்றது. சதுக்கத்தில் ஒரு சின்னக் கல்கூட இல்லை. இரும்புச் சக்கரம் மண்டபச் சுவரில் சாய்ந்து நின்றது, பிறந்ததிலிருந்து அங்கேயே நின்ற மாதிரி.

"திரும்பிருச்சு!" என்று ஸ்மராந்தா கத்தினாள். "அம்மா, திரும்பிருச்சு!"

ரெமுஸ் எழுந்து நின்றான். "திங்கக்கிழமை ஆபீஸ்ல சொல்லிடறேன். நாளைக்கு இல்லாட்டியும் அடுத்த ஞாயித்துக்கிழமையிலேருந்து பஸ் ஊருக்குள்ளேயே வரும் அத்தே."

ஒலிம்பியா மருமகனின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். "நீ தங்கம்டா! டயருக்குக் காத்தடிச்சதுக்கு ஒண்ணு, இரும்பை நகர்த்தினதுக்கு ஒண்ணு. எப்படா ஆள் அனுப்பினே?"

ரெமுஸ் விழித்தான். "நானா? டயருக்கா? நீங்கதான் யாரையோ வச்சுப் பண்ணினீங்கன்னு நெனச்சேன் அத்தே. நான் காலையிலேருந்து கோயில்லதானே இருக்கேன்?"

காலியான சதுக்கத்தில் ஆட்டம் ஆரம்பித்துவிட்டது. கையோடு கை கோத்து, பஸ் திரும்பிய அதே வட்டத்தில், ஊரே சுற்றியது. நிக்கனோர் ஒரு காலில் ஷூ இல்லாமல் ஆடினான். அது கீழே அவன் இடத்தைக் காத்துக்கொண்டிருந்தது. அவ்ராம் மட்டும் பங்க் திண்டில் உட்கார்ந்து, பிளம் சாராயத்தை முதுகில் தேய்த்துக்கொள்ள ஒரு வழி தேடிக்கொண்டிருந்தார்.

ஒலிம்பியா அவர் பக்கத்தில் போய் நின்றாள். மூன்று ராத்திரியாக "கிணத்துக் கொட்டகைக்குக் காவல்" என்று போனவர். வறண்ட கிணற்றுக்கு என்ன காவல்? அப்போது அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. தொப்பி எடுக்க அவ்வளவு நேரம் எதற்கு என்றும் தோன்றவில்லை.

பாட்டிலை வாங்கி, சட்டையைத் தூக்கி, அவளே தேய்த்தாள்.

"இனிமே ஜன்னலை மூடியே வைக்கிறேன்" என்றாள் மெதுவாக. "குறுக்குக் காத்து ரொம்ப மோசம்."

அவ்ராம் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார்.

"காத்து ஜன்னல்லேருந்து வரலடி பீப்பாய்க்காரி, பத்தொன்பது வண்டிக்கும் கைப்பம்புல நான் அடிச்ச காத்து அது."